குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்கான நிதி நடை: பதிவு மேசையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பலர் கூடி நடந்து நிதி திரட்டும் நிதி நடைகளில் சில ஆண்டுகளாகப் பதிவு மேசையில் தன்னார்வலராக இருந்து வருகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் மேசையைப் போட்டு உட்கார்ந்தால், பெயர் எழுத வருபவர்களில் பாதிப் பேருக்காவது ஏதேனும் ஓர் ஐயம் இருக்கும். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். குறிப்பிட்ட எந்த மருத்துவமனையின் சார்பிலும் இதை எழுதவில்லை. குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு ஒன்றுக்காக எங்கே நடை நடந்தாலும் இந்தப் பதில்கள் பொருந்தும்.

நான் நடந்தா அந்தக் குழந்தைக்கு எப்படிங்க பணம் போகும்?

நீங்கள் செலுத்தும் பதிவுக் கட்டணம் ஒரு வழி. உங்கள் நடையை முன்னிட்டு உறவினர்களும் அலுவலக நண்பர்களும் அக்கம்பக்கத்தினரும் தரும் தொகை இன்னொரு வழி. நிறுவனங்கள் தரும் நன்கொடை மூன்றாவது. இவை அனைத்தும் நடையை நடத்தும் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் சேர்ந்து, அங்கிருந்து மருத்துவமனைக்கோ, அங்கே தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்களுக்கோ போகின்றன.

இவற்றுள் இரண்டாவது வழியே பெரியதாக வளரக் கூடியது. பழனிக்கு மாலை போட்டு நடப்பவர் ஒருவர்தான். ஆனால் வழிநெடுக மோர் கொடுப்பவரும், காலுக்கு எண்ணெய் தடவி விடுபவரும், படுக்கத் திண்ணை தருபவரும் எத்தனையோ பேர். அதுபோல, உங்களுக்காக இருபது பேர் ஆளுக்குக் கொஞ்சம் தந்தால், நீங்கள் செலுத்திய கட்டணத்தைப் போலப் பல மடங்கு சேர்ந்துவிடும்.

இது வெளிநாட்டுக்காரங்க பழக்கம்தானே, நமக்கு எதுக்கு?

புற்றுநோய்க்காக நிதி திரட்டும் ஓட்டங்களிலும் நடைகளிலும் உலகம் மிகுதியாக நினைவுகூர்வது கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞரைத்தான். எலும்புப் புற்றுநோயால் 1977இல், பதினெட்டு வயதில், வலது காலை இழந்தவர் அவர். மருத்துவமனையில் தம்மைச் சுற்றிப் படுத்திருந்த புற்றுநோயாளிகளின், குறிப்பாகக் குழந்தைகளின் துன்பத்தைப் பார்த்ததே அவரை வெளியே இழுத்தது. 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் அட்லாண்டிக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூனில், 22 வயதில் மறைந்தார். அவர் பெயரிலான ஓட்டம் சென்னையில் ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது.

ஆனால் இது வெளிநாட்டார் பழக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. 2011இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தூரத்தை, சரிந்த உனம்புவே, நாதன் சிவகணநாதன் என்ற இருவர் 27 நாட்களில் நடந்து முடித்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. வழியில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். அப்படித் திரண்ட நிதியில்தான் யாழ்ப்பாணம் அருகே தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஒரு நடை செங்கல்லும் கட்டிலுமாக மாறியதற்கு நம் மொழி பேசும் மண்ணிலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது.

குழந்தைக்குக் கூடவா கேன்சர் வரும்? அப்பா அம்மா ஏதாவது தப்பு பண்ணியிருப்பாங்களோ?

வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. அவற்றுள் இரத்தப் புற்றுநோயே மிகுதி. மூளைக் கட்டிகள், நிணநீர்ப் புற்றுநோய், சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி, கண்ணின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா ஆகியவையும் உண்டு. பெரியவர்களுக்குப் புகையிலை, மது எனக் காரணங்களைச் சொல்ல முடிவதைப் போலக் குழந்தைகளின் புற்றுநோய்க்குச் சொல்ல முடியாது. ஒரு சிறு பகுதி மரபணுவழி வருகிறது. பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோர் செய்தது, செய்யாதது எதுவும் காரணமில்லை. வார்டில் இருக்கும் தாய்மார்கள் இந்தக் கேள்வியை இரவெல்லாம் தம்மிடமே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என்பதால், தயவுசெய்து அவர்கள் காதில் விழும்படி இதைக் கேட்காதீர்கள்.

பயனுள்ள ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாக ஒளிர்ந்தால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு காரணங்களாலும் அப்படித் தெரியலாம். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமாவாக இருந்தால், தொடக்கத்திலேயே பிடிப்பது உயிரையும் பல வேளைகளில் பார்வையையும் காப்பாற்றும்.

என் பொண்ணையும் கூட்டிட்டு வரலாமா? ஒட்டிக்காதே?

தாராளமாக அழைத்து வாருங்கள். புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அஞ்ச வேண்டியது எதிர்த்திசையில்தான். நம் சளியும் இருமலும்தான் அவர்களுக்கு ஆபத்து. அதைப் பற்றி வார்டுக்குள் செல்வது குறித்த கேள்வியில் சொல்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுல எல்லாம் ஃப்ரீன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு வசூல்?

நான் மிகுதியாக எதிர்கொள்வது இந்தக் கேள்வியைத்தான், நியாயமான கேள்வியும்கூட. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய துணை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் பல குழந்தைகள் மருத்துவமனை வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் காப்பீடு மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. சிகிச்சையோ குடும்பத்தின் முழு வாழ்க்கையையும் கேட்கிறது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோயான ஏ.எல்.எல். வகைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை தேவை. முதல் சில மாதங்கள் கடுமையானவை: ஸ்டீராய்டு, ஊசி மருந்துகள், முதுகுத்தண்டு வழியே செலுத்தும் மருந்து, அடிக்கடி இரத்தப் பரிசோதனை. அதன் பிறகு வீட்டிலிருந்தே நாள்தோறும் ஒரு மாத்திரை, வாரம் ஒருமுறை இன்னொரு மாத்திரை, மாதந்தோறும் மருத்துவமனை என்று நீளும். இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு கூலித் தொழிலாளிக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தாய் குழந்தையோடு சென்னையில் தங்க வேண்டும். மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறைக்கு வாடகை வேண்டும். தந்தை கூட வந்தால் கூலி போய்விடும். வராவிட்டால் தாய் தனியாகத் தவிப்பார். மூத்த பிள்ளை பாட்டி வீட்டில். இரவில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆட்டோவுக்குக் கையில் பணம் இருந்தாக வேண்டும்.

நான் பழகிய ஒரு தாய், பள்ளி நோட்டு ஒன்றில் கோடு போட்டுத் தேதி, கவுண்ட் (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), காய்ச்சல், சாப்பிட்டது என எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு கணக்கு இருந்தது: அடகு வைத்த தோடு, வட்டிக்கு வாங்கிய தொகை, பேருந்துக் கட்டணம், ஊரில் மூத்தவனுக்குச் செருப்பு. மருந்துச் செலவு என்று ஒரு வரிகூட அந்தப் பக்கத்தில் இல்லை. சிகிச்சை பாதியில் நின்றுபோவதற்கான காரணங்களில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. குழந்தை ஓடியாடத் தொடங்கியதும், "நல்லாத்தானே இருக்கான்" என்று அலைச்சலை நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்பி வரும்போது குணப்படுத்துவது மிகக் கடினமாகிவிடும். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 விழுக்காடுகூட இல்லை. நோயைத் தாமதமாகக் கண்டறிவதும், மருந்து கிடைக்காததும், இப்படிப் பாதியில் நிற்பதும் சேர்ந்தே இந்த இடைவெளியை உண்டாக்குகின்றன.

அப்போ பெரிய மிஷின் வாங்கிக் கொடுக்கறது நல்லதா, சாப்பாடு, வாடகைக்குக் கொடுக்கறது நல்லதா?

மேலே சொன்னதிலிருந்தே என் சாய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கருவியில் பெயர்ப் பலகை பதிக்கலாம் என்பதால் அதற்கு நன்கொடையாளர்கள் எளிதாகக் கிடைக்கிறார்கள். ஆறு மாத வாடகைக்கும், தினமும் ஒரு முட்டைக்கும், ஒரு சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கும் பலகை பதிக்க இடமில்லை. வர வேண்டிய நாளில் வராத குழந்தையின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஏம்மா வரல, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. எனினும், எது தேவை என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தப் பிரிவின் மருத்துவர்களும் செவிலியர்களும்தான். நன்கொடை தரும்போது "பிரிவின் தேவைக்கேற்ப" என்று எழுதிக் கொடுப்பது அவர்களுடைய கைகளைக் கட்டாமல் இருக்கும்.

இரயில்வே புற்றுநோயாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் சிகிச்சைப் பயணத்தில் கட்டணச் சலுகை தருகிறது என்பதையும் உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களுக்குச் சொல்லுங்கள். மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று பெற வேண்டும். முதல் பயணத்தில் இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்து வருபவர்கள் ஏராளம்.

நித்தியகல்யாணிக் கஷாயம் குடுத்தாலே சரியாயிடுமாமே, இவ்வளவு செலவு எதுக்கு?

வாசலிலும் சுடுகாட்டு மேட்டிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பது உண்மை. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று. ஆனால் பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவில்தான் அது கிடைக்கிறது. குழந்தையின் உடலளவுக்கேற்ப மில்லிகிராமில் அளந்து, சிரை எனப்படும் இரத்தக் குழாய் வழியே மட்டும் செலுத்த வேண்டிய மருந்து அது. அந்தச் செடியின் இலையைக் காய்ச்சிக் குடிப்பது நச்சைக் குடிப்பதாகும். காப்பீடு பற்றிய பதிலில் சொன்ன "பாதியில் நிற்பதற்கு" இதுபோன்ற நம்பிக்கைகளும் ஒரு காரணம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கட்டின காசுல டி-ஷர்ட்டுக்கும் மேடைக்கும் எவ்வளவு போகும், குழந்தைக்கு எவ்வளவு போகும்?

இதைக் கேட்க யாரும் கூச வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் தன்னார்வலராக நின்ற ஒரு நடையில், கூட்டம் அலைமோதியது. மறுநாள் படங்களும் வந்தன. மருத்துவமனைக்கு எவ்வளவு போயிற்று என்று நான்கு மாதம் கேட்டும் ஏற்பாட்டாளர்களிடமிருந்து பதில் வரவில்லை. நான் கையெழுத்திட்டு ரசீது கொடுத்தவர்கள் என்னை வழியில் நிறுத்திக் கேட்டபோது தலைகுனிந்து நின்றேன். அதன் பிறகு, கணக்கை எப்போது, எங்கே வெளியிடுவீர்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நான் எந்த மேசையிலும் உட்காருவதில்லை.

நல்ல ஏற்பாட்டாளர்கள் மேடை, பந்தல், சிற்றுண்டிச் செலவை நிறுவனங்களிடம் தனியாகப் பெற்றுக்கொண்டு, பொதுமக்கள் தரும் பணத்தை அப்படியே பிரிவுக்கு அனுப்புவார்கள். பணம் சேரும் கணக்கு தனி நபர் பெயரில் இருக்கக் கூடாது. மருத்துவமனை தந்த ஒப்புதல் கடிதத்தைக் கேட்டால் காட்ட வேண்டும். டி-ஷர்ட்டைப் பொறுத்தவரை, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பைப் பதிவுப் படிவத்திலேயே கொடுக்கலாம் என்பது என் கருத்து. வேண்டாம் என்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

வரிவிலக்கு உண்டா? ரசீது குடுப்பீங்களா?

அறக்கட்டளைக்கு 80ஜி எனப்படும் வரிச்சலுகை அனுமதி இருந்தால் உண்டு. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இது பயன்படும். புதிய வரிமுறையில் இந்தக் கழிவு இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது என்பதால், யுபிஐ அல்லது காசோலை வழியே செலுத்துங்கள். சாதாரண ரசீதோடு நில்லாமல், நிதியாண்டு முடிந்த பின் 10பிஇ என்ற சான்றிதழையும் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு உங்கள் பான் எண் தேவை. படிவத்தில் அதைக் கேட்பதன் காரணம் இதுவே. டி-ஷர்ட்டும் சிற்றுண்டியும் சேர்ந்த பதிவுக் கட்டணம் முழுவதும் நன்கொடை ஆகாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

லண்டன்ல இருக்கற எங்க அண்ணன் அனுப்பலாமா?

உங்கள் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவுள்ள அமைப்புக்கு மட்டுமே உரிமை உண்டு. பணமும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் அதற்குரிய கணக்கில்தான் முதலில் சேர வேண்டும். "என் கணக்கில் போடச் சொல்லுங்கள், நான் மாற்றிவிடுகிறேன்" என்று எந்தத் தன்னார்வலர் சொன்னாலும், நல்லெண்ணத்தில் சொன்னாலும், மறுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்ல ஒரு குழந்தை படம் வந்துச்சு, நேரா அதுக்கே அனுப்பிடலாமே?

அந்தப் படம் எத்தனை ஆண்டு பழையது என்று உங்களுக்குத் தெரியாது. குழந்தை குணமான பிறகும், மறைந்த பிறகும்கூட, இத்தகைய செய்திகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சிலவற்றில் கணக்கு எண் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். அனுப்புவதானால் மருத்துவமனையைத் தொடர்புகொண்டு, நோயாளி எண்ணைச் சரிபார்த்து, மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

நடையின் பணம் பொது நிதியில் சேர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. படம் எடுத்துப் பரப்பத் தெரிந்த குடும்பத்துக்கு உதவி வந்துவிடும். கேட்கத் தெரியாத, கேட்கக் கூசும் குடும்பம் பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கும்.

நடை முடிஞ்சதும் வார்டுக்குப் போய்க் குழந்தைங்களைப் பார்க்கலாமா? பழம், பலூன் வாங்கிட்டுப் போறோம்.

உங்கள் அன்பு புரிகிறது; ஆனால் வேண்டாம். மருந்துகள் புற்றணுக்களோடு சேர்த்து வெள்ளையணுக்களையும் குறைத்துவிடும். வார்டில் "கவுண்ட் இறங்கியிருக்கு" என்பார்கள். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு, நமக்குத் தும்மலோடு போகும் கிருமி தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோகக் கூடியது. தோலோடு தின்னும் பழங்களும், பூங்கொத்தும், கடையில் வாங்கிய கேக்கும் பல பிரிவுகளில் அனுமதிக்கப்படுவதில்லை. ஏதேனும் பொருளாகத் தர விரும்பினால், என்ன தேவை என்று தலைமைச் செவிலியரிடம் கேட்டு வாங்கி, வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். புதிய வண்ணப் பென்சில்களும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்களும் வீணாகி நான் பார்த்ததில்லை.

நடக்கற அன்னிக்கே ரத்தமும் குடுத்துடலாமா?

நடந்து வியர்த்த உடனே கொடுக்காதீர்கள், மயக்கம் வரலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி தேவைப்படுவது பிளேட்லெட். அதை 20 முதல் 24 டிகிரி செல்சியசில், இடைவிடாமல் அசைத்துக்கொண்டே, ஐந்து நாட்கள்தான் வைத்திருக்க முடியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முந்நூறு பேர் கொடுத்தால் அடுத்த வாரமே அது பயனற்றுப் போகும். ஆகவே அன்று பெயரையும் இரத்த வகையையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். இரத்த வங்கி அழைக்கும்போது போங்கள். 18 வயது நிறைந்து, எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். இரத்த தானத்தில் ஆண்கள் மூன்று மாதத்துக்கும் பெண்கள் நான்கு மாதத்துக்கும் ஒருமுறை கொடுக்கலாம். தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் கொடையாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது வரும் அழைப்பை மட்டும் தட்டாதீர்கள்.

எனக்கு முட்டி வலி, அஞ்சு கிலோமீட்டர் முடியாதே?

முடிந்த தூரம் நடந்தால் போதும். யாரும் அளப்பதில்லை.

எங்க பையன் ட்ரீட்மென்ட்லதான் இருக்கான், அவனும் நடக்கணும்னு அடம்பிடிக்கறான். விடலாமா?

அவனுடைய மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். கவுண்ட் சரியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. வார்டைப் பற்றிய பதிலில் சொன்ன அதே காரணம்தான். இன்னொன்று, நித்தியகல்யாணியிலிருந்து வந்ததாக மேலே சொன்ன வின்கிரிஸ்டின், கால் நரம்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்தக் கூடியது. பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் கல்லில்லாத தரையிலும் தடுக்கி விழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் சரி என்றால், கூட்டம் கிளம்பிய பிறகு கடைசியில், முகக்கவசத்தோடு, நூறு அடி நடக்கட்டும்.

ஏற்பாட்டாளர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவனை மேடைக்கு அழைத்து ஒலிவாங்கியைக் கொடுக்காதீர்கள். பெற்றோர் மறுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள். உதவி பெறும் இடத்தில் "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் நா எழாது. பத்து ஆண்டு கழித்து அவன் கல்லூரிக்குப் போகும்போது அந்தக் காணொளி அவனுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

நாம காசு குடுத்தும் அந்தக் குழந்தை பிழைக்கலைன்னா?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மிகத் தயங்கித்தான் கேட்டார். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. அப்போதும் செய்ய வேண்டியவை முடிந்துவிடுவதில்லை. வலி தணிக்கும் மார்ஃபின் விலை குறைந்த மருந்துதான். ஆனால் அதை அளந்து கொடுக்கவும், ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் பதில் சொல்லவும் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். கடைசி நாட்களில் வீட்டுக்குப் போக வேண்டும், பாட்டியைப் பார்க்க வேண்டும், தன் ஆட்டுக்குட்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் குழந்தைக்கு வண்டி வேண்டும்.

முன்னே சொன்ன நோட்டுக்காரத் தாயின் மகன் அப்படித்தான் ஊருக்குப் போனான். வண்டி வாடகை நடையின் நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஒன்பது நாள் தன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தான். அந்த ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கி, "பிரிவின் தேவைக்கேற்ப" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.